சுமை எது? சுமப்பவர் யார்?

"நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன்." நெடுநாள் நோயுற்றோர் வாயிலிருந்து இச்சொல்லைக் கேளாத இல்லம் எது? அன்பு நிலவும் வீட்டில் இச்சொல் எழுந்தால், அருகிலிருப்போர் அவர் கையைப் பற்றித் தேற்றுவர். ஆனால் நாட்டின் சட்டமே, "விரும்பினால் நீர் விடைபெறலாம்" என்று மறுமொழி கூறினால்? கனடா நாட்டில் இன்று எழுந்துள்ள வழக்கு இதுவே.

2016-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம், மரணம் நெருங்கியோர் மருத்துவர் உதவியால் உயிர்துறக்க இடமளித்தது. 2019-இல் கியூபெக் நீதிமன்றம் ஒன்று அவ்வரம்பு செல்லாது என்றது. 2021 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டது. அது முதல், மரணம் நெருங்காதவரும், தீராத நோயாலோ ஊனத்தாலோ தாங்கொணாத் துன்பமுற்றால், 90 நாட்களுக்குக் குறையாத ஆய்வுக்குப்பின் இவ்வழியை நாடலாம்.

தம் வாழ்வின் முடிவைத் தாமே தீர்மானிப்பது உரிமை என்றும், வேதனையில் வாழுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும் ஆதரவாளர் கூறுகின்றனர். பிறர் வேதனை கண்டு எழும் இவ்வாதத்தை நாம் இகழ்தல் தகாது.

எனினும் இத்திருத்தத்தை எதிர்த்து முன்னணியில் நிற்போர் ஊனமுற்றோரே. 2024 செப்டம்பரில் அவர்களுடைய அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. அவர்களது வினா எளியது: "உடல்நலமுள்ளவன் சாக விரும்பினால் ஓடிச்சென்று தடுக்கிறீர்கள்; நாங்கள் விரும்பினால் மட்டும் ஏன் உதவ முன்வருகிறீர்கள்?" 2025 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையின் ஊனமுற்றோர் உரிமைக் குழுவும், மரணம் நெருங்காதோர்க்குரிய இப்பிரிவை நீக்குமாறு பரிந்துரைத்தது.

2023-இல் இச்சட்டத்தின்படி இறந்த 15,343 பேரில், மரணம் நெருங்காதோர் 622 பேர். இவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறருக்குப் பாரமாயிருப்பதைத் தம் துன்பங்களுள் ஒன்றாகக் கூறினர் என்றும், ஏறத்தாழப் பாதிப்பேர் தனிமையைக் கூறினர் என்றும் அரசின் அறிக்கையே தெரிவிக்கிறது. பாரமென்ற எண்ணத்துக்கும் தனிமைக்கும் மருந்து மரணமா? அண்டை வீட்டார் வருகையும், பணிவிடை செய்யும் கைகளும், வாழத் தகுந்த வீடுமன்றோ? கிடைக்கக்கூடிய உதவிகளை எடுத்துரைக்குமாறு சட்டம் பணிக்கிறது. ஆனால் எடுத்துரைத்தல் வேறு, உண்மையில் அளித்தல் வேறு.

திருச்சபையின் போதனையை இங்கே சரியாக உணர்தல் வேண்டும். எவ்வாறாயினும் உயிரை நீட்டிக்க வேண்டுமென்று அது கூறவில்லை. பயனினும் துன்பமே மிகும் சிகிச்சையை மறுக்கலாம் என்றும், வலி தணிக்கும் மருந்தை ஏற்கலாம் என்றும், 1980-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் விடுத்த அறிக்கை விளக்கிற்று. உயிரைப் போக்கும் நோக்கமுடைய செயலையே அது விலக்கிற்று. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தம் சுற்றுமடலில் இதனை மீண்டும் உறுதிப்படுத்தினார்.

ஆயினும் போதித்தால் மட்டும் போதுமா? நல்ல சமாரியன் வழியோரத்தில் கிடந்தவனுக்கு உயிரின் மாண்பைப் பற்றி உரையாற்றவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுசென்றான், செலவையும் ஏற்றான். நம் பங்கில் படுக்கையில் கிடப்போர் எத்தனை பேர் என நாம் அறிவோமா? சக்கர நாற்காலியில் வருபவர் நம் ஆலயப் படிகளை எவ்வாறு ஏறுவார்? ஊனமுற்ற பிள்ளையைப் பேணும் தாய் ஒரு நாளேனும் இளைப்பாற, நம்மில் எவர் அவ்வீட்டுக்குச் செல்கிறோம்?

"நான் பாரம்" என்போர்க்கு நாம் அளிக்கும் மறுமொழி, நம் தோளாக இருக்கட்டும்.