கிளட்ச் கேபிள்: கொஞ்சம் ‘லூஸ்’ ஏன் வேண்டும்?

சுவா சூ காங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்துக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். நெரிசலில் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமே வேலை என்பார்கள். நாளாக ஆக, கேபிள் நீண்டால் தளர்வு கூடும்; கிளட்ச் தட்டுகள் தேய்ந்தால் தளர்வு குறையும்.

தளர்வு என்பது, கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பிடி சும்மா நகரும் தூரம். பிடியின் நுனியில் அளந்தால், பல வண்டிகளில் இது 10 முதல் 20 மி.மீ. இருக்கும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் உண்டு.

“டைட்டா இருந்தா நல்லதுதானே?” இல்லை. தளர்வே இல்லாவிட்டால் தட்டுகள் முழுதாகப் பற்றாமல் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி வேகம் எடுக்காது. விரைவுச்சாலையில் பின்னால் லாரி வரும்போது இது ஆபத்து. தளர்வு மிகுந்தாலோ கியர் மாற்றுவது கடினம். சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும்.

சரிசெய்யும் முறை:

1. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வையுங்கள்.
2. பிடியருகே உள்ள பூட்டு நட்டைத் தளர்த்துங்கள்.
3. திருகியை வெளியே திருப்பினால் தளர்வு குறையும். உள்ளே திருப்பினால் கூடும்.
4. அளந்து பார்த்து, நட்டை இறுக்குங்கள்.
5. ஹேண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, தளர்வு மாறுகிறதா எனப் பாருங்கள்.

மேல்திருகி எல்லையைத் தொட்டுவிட்டால், எஞ்சின் பக்கமுள்ள திருகியைப் பயன்படுத்த வேண்டும். அப்படியும் வழுக்கினால் பட்டறைக்குப் போங்கள்.

மாணவர்களுக்கு: தளர்வு குறைவதன் காரணம், விளைவு இரண்டையும் சொந்த நடையில் இரண்டு வாக்கியங்களில் எழுதுக.