12 நாளில் 4,800 கி.மீ. சைக்கிள் பயணம்: காலை விட தூக்கமும் கழுத்தும்தான் எமன்!

சைக்கிளில் 30 கிலோ மீட்டர் தூரம் போய் வேலை பார்த்து திரும்புகிறவர்களை கேட்டால் தெரியும். முட்டி வலிக்கும், இடுப்பு பிடித்துக் கொள்ளும். அப்படியென்றால் தினமும் 400 கிலோ மீட்டர், அதுவும் 12 நாள் விடாமல் மிதித்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 1982-ம் ஆண்டு தொடங்கிய 'ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா' அந்த மாதிரி போட்டிதான். மேற்கு கடற்கரையில் கிளம்பி கிழக்கு கடற்கரைக்கு போய்ச் சேர வேண்டும். தூரம் சுமார் 4,800 கி.மீ. தனி ஆளாக ஓட்டும் ஆண்களுக்கு கெடு 12 நாள்.

நிற்காத கடிகாரம்

பிரான்சில் நடக்கும் பிரபலமான சைக்கிள் போட்டியில் அன்றைய தூரத்தை முடித்து விட்டால் ராத்திரி நிம்மதியாக தூங்கலாம். இங்கே அந்த கதையே கிடையாது. கிளம்பிய நிமிடத்தில் ஓடத் தொடங்கும் கடிகாரம் முடிகிற இடத்தில்தான் நிற்கும். சாப்பிட்டாலும், தூங்கினாலும், பஞ்சர் ஒட்டினாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும்.

அதனால் பலர் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தூங்கினாலே அதிகம். தூக்கம் கெட்டால் புத்தி தடுமாறும். இல்லாதது எல்லாம் கண்ணுக்கு தெரியும். 5 முறை ஜெயித்த சுலோவேனியா ராணுவ வீரர் யூரே ரோபிச், ரோட்டோர தபால் பெட்டியை எதிரி என்று நினைத்து சண்டைக்கு போனதாக அமெரிக்க பத்திரிகைகள் எழுதின.

தலை நிற்காது

அடுத்த வில்லன் கழுத்து. குனிந்தபடியே நாள் கணக்கில் ஓட்டுவதால் கழுத்து தசை செத்துப் போன மாதிரி ஆகி விடும். தலை நெஞ்சில் தொங்கும், ரோடு தெரியாது. 1983 போட்டியில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்கு இப்படி ஆனதால் 'ஷெர்மர் கழுத்து' என்றே இதற்கு பெயர் வந்து விட்டது. கால் நன்றாக இருந்தும் இதனால் பாதியில் இறங்கியவர்கள் உண்டு.

முதலில் பாலைவன வெயில், அடுத்து ராக்கி மலை ஏற்றம், பிறகு கன்சாஸ் சமவெளி காற்று. போட்டிக்காக ரோட்டை மூட மாட்டார்கள். லாரி, கார் நடுவேதான் போக வேண்டும். 2005-ல் பாப் பிரீட்லவ் என்ற டாக்டர் போட்டியின் போதே எதிரே வந்த வண்டியில் மோதி பலியானார்.

பின்னால் ஒரு படை

ஓட்டுவது ஒருத்தர் என்றாலும் பின்னால் வேனில் எட்டு, பத்து பேர் வருவார்கள். வழி சொல்ல, சோறு ஊட்ட, காலை பிடித்து விட, ராத்திரியில் வெளிச்சம் காட்ட, கண் சொருகினால் பேச்சு கொடுக்க என்று ஆளுக்கு ஒரு வேலை. 'போதும், படு' என்று சொல்வதும் அவர்கள்தான். அந்த பேச்சை கேட்காதவர் ஊர் போய்ச் சேருவது கஷ்டம்.

நம் நாட்டு ராணுவ டாக்டர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் 2016-ல் முயன்றார், முடிக்க முடியவில்லை. விட்டு விடவில்லை. மறு வருஷமே போய் 12 நாள் கெடுவுக்குள் முடித்தார். இந்த போட்டியை தனி ஆளாக முடித்த முதல் இந்தியர் அவர்தான். சில மணி நேரத்தில் நாக்பூர் டாக்டர் அமித் சமர்த்தும் வந்து சேர்ந்தார்.

கால் பலம் இருந்தால் கிளம்பலாம். முடிக்க வேண்டுமானால் எப்போது மிதிப்பது, எப்போது படுப்பது என்கிற கணக்கும், கூட வருகிற நல்ல ஆட்களும் வேண்டும்.