நடவு நடுகிறவள் படுத்திருக்கிறாளா?

ஐப்பசி மாதத்தில் சேரன்மாதேவிப் பக்கம் போகிறவர்கள், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிசான நடவைப் பார்க்கலாம். கால் புதையும் சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே நாற்றை ஊன்றுவார்கள். அவர்களில் ஒருத்தியின் இடுப்பில் கைப்பேசியைக் கட்டி, "இவள் என்ன செய்கிறாள்?" என்று யந்திரத்தைக் கேட்டால் என்ன பதில் வரும்?

வேடிக்கைக் கேள்வியன்று. உடலசைவைக் கொண்டு செய்கையைச் சொல்லும் யந்திரம் உண்டு. இத்தாலியில் ஜெனோவா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2012-ம் வருஷத்திலேயே 30 பேரின் இடுப்பில் கைப்பேசியை மாட்டி அதைப் பழக்கினார்கள். கற்பித்த பாடங்கள் ஆறு: நடத்தல், படியேறுதல், படியிறங்குதல், உட்காருதல், நிற்றல், படுத்தல். கைப்பேசிக்குள் இருக்கும் நுண்கருவி விநாடிக்கு 50 தடவை அசைவை அளக்கிறது. நடக்கையில் அடிக்கு அடி ஒரே தாளத்தில் அலை எழுந்து விழும். அசையாதிருந்தாலோ பூமியின் ஈர்ப்பு ஒன்றே தெரியும். அது கருவியின் எந்தப் பக்கமாக இழுக்கிறது என்பதைக் கொண்டு உடல் நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று யந்திரம் ஊகிக்கிறது. உட்கார்ந்தவனுக்கும் நிற்பவனுக்கும் வித்தியாசம் காண்பதில்தான் அதற்குக் குழப்பம். இருவருக்கும் இடுப்பு நிமிர்ந்துதானே இருக்கிறது!

நம் நடவுக்காரிக்கோ இடுப்பு மடங்கிச் சாய்ந்திருக்கிறது. கால் மெல்லத்தான் நகர்கிறது. யந்திரம் அறிந்த ஆறு சொற்களில் நடவு இல்லை. "படுத்திருக்கிறாள்" என்று அது எழுதிவிடவும் கூடும். முக்கூடலில் மடியில் சுளகை வைத்து, இலை நறுக்கி, தூள் இட்டு, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண், அதன் கணக்கில் வெறுமனே "உட்கார்ந்திருக்கிறாள்".

கருவியைக் கையில் கட்டினால் தெரியாதா? கற்பித்தால் தெரியும். நியூயார்க்கில் ஃபோர்டாம் சர்வகலாசாலையார் 2019-ல் வெளியிட்ட தொகுப்பில், 51 பேர் கைக்கடிகாரக் கருவி அணிந்து 18 காரியங்கள் செய்திருக்கிறார்கள். சாப்பிடுவது மாத்திரம் நாலு விதம்: சூப், வறுவல், பாஸ்தா, ஸாண்ட்விச். துணி மடிப்பது உண்டு. பந்து தட்டுவது உண்டு. நாற்று நடுவதும் பீடி சுற்றுவதும் இல்லை. சோறு பிசைந்து உண்பதுகூட இல்லை! அவர்களைக் குறை சொல்வானேன்? தங்கள் ஊரில் கண்டதை எழுதிவைத்தார்கள்.

ஆனால் இக்கணக்கு யந்திரத்தோடு நின்றுவிடாது. ஒருவர் நாளில் எவ்வளவு உழைத்தார் என்பதற்கு இத்தகைய கருவியையே சாட்சியாகக் கொண்டால், முதுகு வலிக்கிறது என்று வரும் நடவுக்காரிக்கு, "தினம் கொஞ்சம் நடந்து பழகு, அம்மா" என்ற புத்திமதிதான் கிடைக்கும்.

பரணிக் கரையில் கலாசாலைகளுக்குக் குறைவில்லை. சம்மதம் கேட்டு, அன்றையக் கூலியையும் கொடுத்து, நாற்பது ஐம்பது பெண்களின் கையில் கருவியைக் கட்டலாம். இது நாற்றுப் பறித்தல், இது நடவு, இது இலை நறுக்குதல் என்று பக்கத்திலிருந்து ஒருவர் நேரத்தோடு குறித்துவர வேண்டும். குறிப்பவர் வரப்பில் குடை பிடித்து நிற்காமல், ஒரு தடவையாவது சேற்றில் இறங்கி நாலு முடி நட்டுப் பார்த்தால் குறிப்பு இன்னும் சரியாக இருக்கும்.