முதலில் சதுர அடியைப் பாருங்கள்

டீ ஆறிவிடும் காக்கா, குடித்துக்கொண்டே கேளுங்கள். சொத்து வரி நோட்டீஸின் அடியில் உள்ள தொகையைப் பார்த்துத்தான் உங்களுக்குக் கோபம் வருகிறது. அதற்கு மேலே கட்டடம் எத்தனை சதுர அடி, குடியிருப்பா கடையா, ஓடா கான்கிரீட்டா என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அதைப் படித்தீர்களா? தொகை அங்கிருந்துதான் பிறக்கிறது.

நம் அதிராம்பட்டினம் 2021-இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியானது. அடுத்த ஏப்ரலிலேயே தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தது. சென்னைக்கு வெளியே அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 2008-இல் நடந்தது. 2018-இல் ஒருமுறை உயர்த்தி, மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். பதினைந்தாவது நிதி ஆணையமோ, வரியைச் சீர்செய்யாத ஊர்களுக்கு மானியம் இல்லை என்று சொல்லிவிட்டது. பதினான்கு வருடத்துப் பாக்கி ஒரே நாளில் வாசலுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் இவ்வளவு வலித்திருக்காது என்பதே என் எண்ணம்.

அந்த 2022 உயர்வில், நம்மைப் போன்ற நகராட்சியில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீத உயர்வு. இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அரையாண்டு வரி 800 ரூபாயாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். வீடு 1,150 சதுர அடி என்றால் 1,200 ரூபாய் ஆகியிருக்கும். அதையே 1,250 என்று பதிந்திருந்தால் 1,400. அரையாண்டுக்கு 200 ரூபாய் கூடுதல், அதுவும் நீங்கள் கேட்காதவரை ஒவ்வொரு அரையாண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் கொல்லைக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனதே, அது இன்னும் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மறுஅளவீடு கேட்டு ஆணையருக்கு மனுக் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

என் வீடு பூட்டித்தானே கிடக்கிறது, யாரும் இல்லாதபோது எதற்கு வரி என்று மச்சான் துபாயிலிருந்து கேட்டதாகச் சொன்னீர்கள். வரி கட்டடத்துக்கு. ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் போடுவதில்லை. ஏப்ரலில் ஒரு தவணை, அக்டோபரில் ஒரு தவணை. அந்தந்த மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், தாமதித்தால் மாதம் 1 சதவீதம் ஏறும். வரிவிதிப்பு எண் கையில் இருந்தால் மச்சான் அங்கிருந்தே இணையத்தில் கட்டிவிடலாம்.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு ஆசை. இந்த வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் வசூலாகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் மன்றாடியவர் எஸ்.ஆர். ரங்கநாதன், நம் டெல்டாவின் சீர்காழியில் பிறந்தவர். காசு இல்லாதவன் பிள்ளைக்கும் புத்தகம் கிடைக்க வேண்டுமென்றால், ஊரார் வரியில் ஒரு பங்கு அதற்கென்றே ஒதுங்க வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். நீங்கள் 1,200 ரூபாய் வரி கட்டினால் அந்தக் கணக்கில் 120 ரூபாய் போகிறது. நூலகத்தில் பத்திரிகை வரவில்லை, புதுப் புத்தகம் இல்லை என்றால் உரிமையோடு கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

கடைசியாக, ரசீதில் இன்னும் வாப்பா பெயரே இருக்கிறது. வரி ரசீது உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் வீடு உங்களுடையது என்று சட்டம் சொல்லாது. உரிமைக்குப் பத்திரமும் வாரிசுரிமையும்தான் பேசும். கூடப்பிறந்த லாத்தாமாருக்கும் பங்கு உண்டு, அதை மறந்து தனியாக மனுப் போட்டுவிடாதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசி ரசீது நான்கையும் எடுத்து வையுங்கள். பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள், பெயர் மாற்றத்தில் அலைச்சல் குறையும்.