பாரிஸ் மன்றம் வரை சென்ற ஆலைத் தொழிலாளர் குரல்: வ. சுப்பையா

லண்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்துகொண்டே அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட பார்னெல் போன்ற தலைவர்களை உலக வரலாறு நன்கறியும். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் ஒரு காலத்தில் பாரிஸுக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்பியது என்பதும், அவர்களுள் ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் தலைவரான வ. சுப்பையா என்பதும் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது.

1911 பிப்ரவரி 7-ஆம் நாள் பிறந்த சுப்பையா, 1934-இல் காந்தியடிகளின் புதுச்சேரி வருகைக்காக உழைத்ததோடு, அதே ஆண்டில் 'சுதந்திரம்' என்னும் இதழையும் தொடங்கினார். அன்றைய ஆலைகளில் ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக உழைக்க, கூலியோ மிகக் குறைவாக இருந்ததோடு, சங்கம் அமைக்கும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. இந்நிலையை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள்மீது 1936 ஜூலை 30-ஆம் நாள், பின்னாளில் சுதேசி ஆலை என்று பெயர்பெற்ற சவானா ஆலையில், பிரெஞ்சு அரசின் படையினர் துப்பாக்கியால் சுட, பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டனர்.

சுப்பையாவின் அரசியல் திறமை இதன் பிறகே முழுமையாக வெளிப்பட்டது. பிரான்சில் அப்போது இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுசேர்ந்த மக்கள் முன்னணி ஆட்சியில் இருந்ததால், புதுச்சேரி ஆளுநரின் வாசலில் காத்திருப்பதைவிடப் பாரிஸுக்கே சென்று முறையிடுவதே பயன் தரும் என்று உணர்ந்த அவர், 1937-இல் அங்கு சென்று வாதாடினார். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த ஆணை எட்டு மணி நேர வேலையையும் தொழிற்சங்க உரிமையையும் சட்டமாக்கியது. பதவி எதுவும் இல்லாத காலத்தில் அவர் ஈட்டிய இந்த வெற்றியே, பின்னர் வகித்த எல்லாப் பதவிகளையும்விடப் பெரியது எனலாம்.

1946-இல் அவர் அமைத்த தேசிய ஜனநாயக முன்னணி, பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் வென்றது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் மக்கள் நேரடியாக வாக்களித்து அமைக்கும் தேசிய சபை என்னும் கீழவையும், பிரதிநிதிகள் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசு மன்றம் என்னும் மேலவையும் இருந்தன. 1947-இல் சுப்பையா அந்த மேலவையின் உறுப்பினரானார். எனினும், இந்தியாவுடன் இணைவதை வலியுறுத்திய அவரைப் பிரெஞ்சு ஆட்சி பகைவராகவே கருதியது. 1950-இல் வைசியாள் வீதியில் இருந்த அவரது வீடு எரிக்கப்பட்டது.

புதுச்சேரியின் ஆட்சி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் கைக்கு வந்த பின், சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கிய சுப்பையா, 1969-இல் அமைந்த தி.மு.க. - கம்யூனிஸ்ட் கூட்டணி ஆட்சியில் அமைச்சரானார். 1993 அக்டோபர் 12-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் போராடிய ஆலைகள் இன்று மூடிக்கிடந்தாலும், அங்கு உயிரிழந்த பன்னிருவருக்கும் ஆண்டுதோறும் ஜூலை 30-ஆம் நாள் புதுச்சேரித் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்தி வருகின்றன.