செர்ரிப் பழத்தில் ஒரு ஜில் சூப்

"பழத்தில் சூப் வைத்து, அதை ஜில்லென்று குடிப்பார்களாமே, உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்மைதான். ஹங்கேரியில் கோடை வந்தால் மெஜ்லெவெஷ் மணக்கும். ஜூன், ஜூலையில் பழுக்கும் புளிப்புச் செர்ரியில் செய்வது. இனிப்பாக இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பின் வருவதில்லை. பந்தியில் முதலில் வருவதே இதுதான்.

அரைக் கிலோ பழத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை, பட்டை, இரண்டு கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பழம் குழையாமல் சில நிமிடம் கொதிக்கவிட வேண்டும். அவ்வளவுதான் பக்குவம்.

என்னை மயக்குவது அடுத்த கட்டம். இதில் தேய்ஃபொல் என்கிற புளித்த பாலாடை சேர வேண்டும். கொதிக்கிற புளிப்புச் சாற்றில் அதை அப்படியே ஊற்றினால் திரிந்துவிடும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலின் கேசீன் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பிதிப்பியாகப் பிரியும். அதனால் பாலாடையில் ஒரு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கொஞ்சம் சூடான சாற்றை விட்டுக் கலக்கி, அதற்குப் பிறகே பாத்திரத்தில் சேர்க்கிறார்கள். வேகும் மாவு நீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு, புரதத் துணுக்குகளை நெருங்கவிடாமல் தடுக்கிறது. எங்கள் வீட்டு மோர்க்குழம்பில் பச்சரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்துவிடுவதும் இதற்காகத்தான். கலக்கக் கலக்க, ரத்தச் சிவப்பாக இருந்த சாறு ரோஜா நிறத்துக்கு இறங்கும். ஆறியதும் குளிர்பெட்டியில் சில மணி நேரம்.

சூடாக இருக்கும்போது ருசி பார்த்தால் தித்திப்பு ஒரு பிடி தூக்கலாகவே இருக்கட்டும். நாக்கில் இனிப்பை உணரும் செல்கள் குளிரில் மந்தமாகிவிடும். ஆறினபின் அளவாகத் தெரியும்.

இப்போது சில உணவகங்களில் இதன்மேல் ஐஸ்கிரீம் உருண்டை வைத்து, நுரைத்த கிரீமைக் குவித்துத் தருகிறார்கள். புளிப்பு அமுங்கிப்போனால் அப்புறம் இதில் என்ன இருக்கிறது? நம் ஊரிலும் இந்தக் கொடுமை உண்டு. பேக்கரி கேக்கின் மேல் 'செர்ரி' என்று உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் களாக்காய்தான். ஊறுகாய்க்கென்றே பிறந்த அருமையான புளிப்புக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றி, அதன் பேரையும் பறித்துவிட்டோம். களாக்காயைக் களாக்காயாகவே தின்னலாமே!

வீட்டில் செய்துபார்க்க நினைப்பவர்கள் அந்த பேக்கரிச் செர்ரியை வாங்கிவிடாதீர்கள். பாட்டிலில் வரும் பழமானால் புளிப்புச் செர்ரிதானா என்று பார்த்து வாங்குங்கள். காஷ்மீர், இமாசலத்திலிருந்து வரும் இனிப்புச் செர்ரி மட்டும் கிடைத்தால், சர்க்கரையைக் குறைத்து எலுமிச்சைச் சாற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.