எல்லை கடந்த புலனாய்வு இதழியலும் பொருளுதவியும்

ஓரூரில் நிகழும் செயலின் வேர் சில வேளைகளில் வேற்றுநாட்டில் இருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலுள்ள கதிரவெளி இதற்குத் தக்க சான்றாகும். அவ்வூர்க் கரைமணலில் இல்மனைற்றுக் கனிமம் உண்டு. அதனை அகழும் முயற்சியை மக்கள் எதிர்த்தனர். கிணற்று நீருக்கும் மீன்பிடிக்கும் நேரக்கூடிய கேட்டை உள்ளூர் நிருபர் நேரிற் கண்டறியலாம். இத்தகைய கனிமத்தை வாங்குவோர் யாவர், முதல் எங்கிருந்து வருகின்றது என்பவற்றையோ பெரும்பாலும் பிறநாட்டுப் பதிவேடுகளே கூறும். ஆதலின் அந்நாட்டு நிருபரின் துணை இன்றியமையாதது.

இத்தகைய கூட்டுழைப்பின் ஆற்றலை 2021இல் வெளிவந்த பண்டோரா ஆவணங்கள் காட்டின. 117 நாடுகளைச் சேர்ந்த 600க்கு மேற்பட்ட இதழாளர் அதில் இணைந்தனர். இலங்கையர் சிலரின் மறைமுகச் சொத்துக்களும் வெளிப்பட்டன. அதனை ஒருங்கிணைத்த அமைப்பு நன்கொடையால் இயங்குவது.

சிற்றூர் நிருபரோ பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவென்று கூலி பெறுபவர். பயணம், மொழிபெயர்ப்பு, ஆவணக் கட்டணம், சட்டத்துணை ஆகியவற்றின் செலவை அவர் தனித்துத் தாங்குதல் அரிது. பெல்ஜியத்தில் 1998இல் தோன்றிய இதழியல் நிதியமொன்று, பின்னர் பல நாட்டு நிருபர் குழுக்களுக்கு நேரே பொருள் வழங்கலாயிற்று. தகுதியைத் தேர்வோர் தனி நடுவர், நன்கொடையாளர் அல்லர்.

பொருளோடு காப்பும் வேண்டும். மட்டக்களப்பில் இதழாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் சுட்டுக்கொல்லப்பட்டார். தனித்து நிற்பவரின் குரலை அடக்குதல் எளிது. ஒரே செய்தியைப் பல நாட்டார் அறிந்திருப்பின் அஃது எளிதன்று.